மார்க்கா பள்ளத்தாக்கு மலைநடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்குப் பயணம் இரண்டு பாதி கொண்டது. முன்பாதியில் லேவைச் சுற்றியுள்ள கோம்பாக்கள் (பௌத்த மடாலயங்கள்), அரண்மனைகள். பின்பாதியில் வழிகாட்டி, சமையல்காரர், சாமான் சுமக்கும் குதிரைகளோடு ஐந்து நாள் நடை, கூடார இரவுகள். கிளம்புவதற்கு முன் வருகிற சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறோம்.

மார்க்கா எங்க இருக்கு? மொத்தம் எத்தனை நாள் லீவு போடணும்?

லே நகரத்துக்கு எதிரே தெரியும் ஸ்டோக் மலைத்தொடருக்குப் பின்னால் இருக்கிறது. 1981-இல் அமைக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் வரும் பள்ளத்தாக்கு. நடை ஐந்து நாள், அதற்கு முன் லேவில் மூன்று நாள், கடைசியில் கையிருப்பாக ஒரு நாள். போக வர விமானப் பயணத்தையும் சேர்த்தால் பத்துப் பதினோரு நாள் வேண்டும். ஏழு நாளில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அவர்கள் எந்த நாளை வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் லேவில் இருக்கவேண்டிய நாளாகத்தான் இருக்கும்.

நான் இதுவரைக்கும் மலையே ஏறினதில்ல. என்னால முடியுமா?

கால்களைப் பொறுத்தவரை இது நடுத்தர நடைதான். கயிறு கட்டி ஏறும் வேலை கிடையாது. ஒரு நாளைக்கு 5 முதல் 7 மணி நேரம் நடக்க வேண்டும். பெரிய பை குதிரையில் போய்விடும். தண்ணீர், ஜாக்கெட், மழைச்சட்டை, மருந்து என 5, 6 கிலோ மட்டும் உங்கள் முதுகில். இரண்டு மாதம் முன்பே படிக்கட்டுப் பயிற்சி தொடங்குங்கள். அபார்ட்மென்ட் படியில் பையோடு ஏறினால் போதும். ஏறுவதைவிட இறங்குவதை அதிகம் பழகுங்கள், ஏனென்றால் கடைசி நாளில் முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான்.

ஆனால் உடல் பலம் உயரத்தைச் சமாளிக்காது. மாரத்தான் ஓடுகிறவர் லேவில் வாந்தி எடுத்துப் படுத்திருப்பார், பக்கத்து அறையில் அறுபது வயது அம்மா நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பார். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், நுரையீரல் கோளாறு இருந்தால் மருத்துவர் சம்மதம் இல்லாமல் வரவேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் அதை உறையவிடக் கூடாது. இரவில் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

லேவுல மூணு நாள் சும்மா இருக்கணுமா? லீவு வீணாகுதே!

சென்னையில் கடல் மட்டத்தில் சாப்பிட்ட இரவு உணவு செரிப்பதற்குள், மறுநாள் காலை 3,500 மீட்டரில் இறங்கியிருப்பீர்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு ஈடுகட்ட உடம்புக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். நடையின் முதல் மூன்று நாள் லேவில்தான் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோம்பா பார்ப்பது பொழுதுபோக்கு அல்ல, மெதுவாகப் படியேறி இறங்கிவிட்டுத் தாழ்வான இடத்தில் தூங்கும் பயிற்சி.

இறங்கிய அன்று முழு ஓய்வு. கடைத்தெருவுக்கு நடக்கலாம், அதற்குமேல் வேண்டாம். பகலில் நீண்ட தூக்கம் வேண்டாம், மது வேண்டவே வேண்டாம், தூக்க மாத்திரையும் கூடாது.

அந்த நாட்கள்ல எதைப் பார்க்கலாம்?

இரண்டாம் நாள் லே ஊருக்குள்ளேயே இருங்கள். லடாக் மன்னர் செங்கே நம்கியால் காலத்து ஒன்பது மாடி அரண்மனை இருக்கிறது. சாந்தி ஸ்தூபிக்குப் படிவழியும் உண்டு, கார் வழியும் உண்டு. அன்றைக்குக் காரிலேயே போங்கள்.

மூன்றாம் நாள் சிந்து நதியோரமாக ஷே, திக்சே. ஷேயில் செப்புத் தகட்டில் பொன் பூசிய பெரிய புத்தர் இருக்கிறார். அவரைச் செய்ய நேபாளத்திலிருந்து கைவினைஞர்களை அழைத்து வந்தார்கள். அவர்கள் வழிவந்த உலோகத் தொழிலாளர்கள் இன்றும் இருக்கும் ஊர்தான் சில்லிங். மறுநாள் நீங்கள் நடக்கத் தொடங்குவது அந்த ஊர்ப்பக்கம்தான். சில்லிங்கில் செம்பும் பித்தளையும் கலந்த டீ கெட்டிலையோ கரண்டியையோ பார்த்தால், ஷே புத்தரை நினைத்துக்கொள்ளலாம்.

திக்சேக்குக் காலை ஆறு மணி வாக்கில் போய்ச் சேருங்கள். மொட்டை மாடியில் இரண்டு பிக்குகள் நீளமான ஊதுகொம்பை ஊதுவார்கள், பிறகு கூடத்தில் பூஜை தொடங்கும். சுவரோரம் உட்கார இடம் தருவார்கள். சின்னப் பிக்குகள் கெட்டிலோடு ஓடிவந்து வெண்ணெய் டீ ஊற்றுவார்கள். உப்புப் போட்டது, டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றமாக இருக்கும், சூப் என்று நினைத்தால் நன்றாகவே இருக்கும். பக்கத்துக் கூடத்தில் சுமார் 15 மீட்டர் உயர மைத்ரேய புத்தர். கதவைத் திறந்ததும் தெரிவது தோளும் முகமும்தான், உடல் கீழ்த்தளத்தில் இருக்கும். ஹெமிஸ் கோம்பாவை இப்போது பார்க்க வேண்டாம். நடை முடிந்து திரும்பும் வழியில் அதன் பக்கமாகத்தான் வருவீர்கள்.

அப்படியே நுப்ரா, பாங்காங்கையும் முதல்லயே முடிச்சிடலாமா?

கூடாது. பாங்காங் ஏரி சுமார் 4,250 மீட்டரில் இருக்கிறது, வழியில் வரும் சாங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல். லேவுக்கு வந்த மூன்றாம் நாளே அங்கே இரவு தங்குவது, மேலே சொன்ன பழக்கத்துக்கு நேர் எதிரான வேலை. நடை முடிந்தபின் போங்கள். அப்போது அதே 4,250 மீட்டர் உங்களுக்கு இரண்டாவது மாடி மாதிரிதான் இருக்கும்.

பிளேன்ல போறதா, ரோட்ல போறதா?

நாள் இருந்தால் ஸ்ரீநகர்–லே சாலை சிறந்தது. வழியில் கார்கிலில் (சுமார் 2,700 மீட்டர்) ஒரு இரவு தங்குவதால் உடம்பு படிப்படியாகப் பழகும். லாமாயூரு, ஆல்ச்சி கோம்பாக்கள் இரண்டும் அதே வழியில். ஆல்ச்சியின் பழைய சுவரோவியங்களைப் பார்க்க இதைவிட வசதியான வழி இல்லை. மணாலி சாலை அழகானது, ஆனால் 4,300 மீட்டர் அளவிலுள்ள சர்ச்சுவில் தூங்க வைப்பார்கள். பாதிப் பேர் அன்றிரவு தூங்குவதில்லை.

எந்த மாசம் நல்லது?

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை. ஜூன் தொடக்கத்தில், நடையின் கடைசி நாள் ஏறும் கணவாயில் பனி கிடக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நன்றாக இருக்கும், ஆற்றில் தண்ணீரும் அதிகம். செப்டம்பரில் வானம் கண்ணாடி மாதிரி தெளிவு, பார்லி அறுவடை நடக்கும், இரவுக் குளிர் கடுமை. எங்கள் ஓட்டு செப்டம்பர் முதல் பாதிக்கு.

லடாக் மழைமறைவுப் பகுதி என்பது உண்மை. ஆனாலும் 2010 ஆகஸ்டில் லேவைப் புரட்டிய மேகவெடிப்பை மறக்கக் கூடாது. செடிகொடி இல்லாத மலை தண்ணீரைப் பிடித்து வைக்காது, அரைமணி மழையே சேற்றுவெள்ளமாக இறங்கும். காய்ந்த ஓடைப்படுகையில் கூடாரம் அடிக்க வழிகாட்டி விடமாட்டார். நீங்களும் கேட்காதீர்கள்.

நடை நாள்வாரியா எப்படிப் போகும்?

முதல் நாள் காரில் நிம்மு வழியாக, ஜான்ஸ்கார் ஆறு சிந்துவில் கலக்கும் சங்கமத்தைப் பார்த்துவிட்டு, சில்லிங். அங்கிருந்து ஸ்கியு (3,400 மீ). இரண்டாம் நாள் மார்க்கா கிராமம் (3,700 மீ). இருபது கிலோமீட்டரைத் தொடும், மிக நீண்ட நாள் இதுதான். மூன்றாம் நாள் தாச்சா கோம்பா, ஹங்கர் தாண்டி தாச்சுங்சே (சுமார் 4,200 மீ). நான்காம் நாள் நிமாலிங் (சுமார் 4,700 மீ). ஐந்தாம் நாள் கோங்மாரு லா கணவாய் (5,200 மீட்டருக்குச் சற்று மேல்) ஏறி, ஷாங் சும்தோ பக்கம் இறங்கி, ஹெமிஸ் பார்த்துவிட்டு லே.

சில திட்டங்களில் தாச்சுங்சே இருக்காது. ஹங்கரில் தூங்கிவிட்டு நேராக நிமாலிங். ஒரே நாளில் தூங்கும் உயரம் 700 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. 3,000 மீட்டருக்கு மேலே ஒரு இரவுக்கு 500 மீட்டருக்குள் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் இப்போது ஜீப் பாதை வந்துவிட்டதால் "ஒரு நாளைக் காரிலேயே தாண்டிடலாம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. தூரம் குறையும், உடம்பு பழகும் நாளும் சேர்ந்து குறையும்.

டென்ட்டா, ஹோம்ஸ்டேவா?

ஹங்கர்வரை இரண்டும் முடியும். ஹோம்ஸ்டேயில் சமையலறைதான் வீட்டின் நடுநாயகம். சுவர் முழுக்க பளபளக்கும் பாத்திர அடுக்கு, நடுவில் அடுப்பு, ஓரமாகத் தாழ்ந்த மேஜை. அந்த ஒரு மாலைக்காகவே மார்க்கா கிராமத்தில் மட்டும் வீட்டில் தங்கச் சொல்வோம். நிமாலிங்கில் ஊர் கிடையாது, கோடையில் ஆடுமாடு மேய்க்க வருகிறவர்களின் கல்தொழுவங்கள்தான். அங்கே எல்லோருக்கும் கூடாரம்தான்.

நிமாலிங்ல குளிர் எவ்வளவு? எந்த ஸ்லீப்பிங் பேக்?

ஜூலையில் இரவு பூஜ்யத்தை ஒட்டி, செப்டம்பரில் அதற்குக் கீழே பல டிகிரி. பையின் மேல் சில எண்கள் இருக்கும். "கம்ஃபர்ட்" என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அது மைனஸ் 5 முதல் மைனஸ் 10 வரை இருக்க வேண்டும். "எக்ஸ்ட்ரீம்" என்பது உயிர் பிழைக்கும் கணக்கு, தூங்கும் கணக்கு அல்ல.

பலரும் பையைக் குறை சொல்வார்கள், உண்மையான தவறு கீழே இருக்கும். தரையின் குளிர்தான் முதலில் ஏறும், ஆகவே நல்ல மேட் இல்லாமல் எந்தப் பையும் வேலை செய்யாது. நடந்த வியர்வைச் சட்டையோடு உள்ளே போகாதீர்கள், உலர்ந்த உள்ளாடைக்கு மாறுங்கள். உலோகப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வையுங்கள். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றோட்டத் திறப்பை முழுக்க மூடினால், மூச்சின் ஈரம் உட்புறத்தில் படிந்து காலையில் முகத்தில் சொட்டும். கூடாரத்துக்குள் அடுப்புப் பற்றவைப்பது நச்சுவாயுவால் உயிரையே எடுக்கும்.

வீட்ல அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின ஷூ புதுசாவே இருக்கு. போதுமா?

இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பல மலை ஷூக்களின் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன். ஈரக்காற்றில் அது உள்ளுக்குள்ளேயே உதிர ஆரம்பிக்கும், போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும்தான். கடலோர ஊர்க் காற்றில் சீக்கிரம். வெளியே புத்தம் புதிதாகத் தெரியும், இரண்டாம் நாள் நடையில் அடிப்பாகம் அப்படியே பிரிந்து வாயைத் திறக்கும். கிளம்புமுன் பையைச் சுமந்து இரண்டு நாள் முழுக்க நடந்து பாருங்கள். எப்படியும் ஒரு சுருள் துணி டேப் கொண்டுவாருங்கள். புது ஷூ வாங்கினால் குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்திருக்க வேண்டும்.

நாங்க சுத்த சைவம். சாப்பாடு என்ன கிடைக்கும்?

கவலை இல்லை. சோறு, பருப்பு, சப்பாத்தி, காய், காலையில் கஞ்சி அல்லது ரொட்டி. ஊர்க்காரர்கள் வீட்டில் கம்பீர் என்ற தடித்த கோதுமை ரொட்டியும் ஆப்ரிகாட் பழ ஜாமும் தருவார்கள். துக்பா (நூடுல்ஸ் சூப்), ஸ்க்யூ (கோதுமை மாவுத் துண்டுகள் போட்ட குழம்பு) எல்லாம் காய்கறி மட்டும் போட்டும் செய்வார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிமாலிங் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. சமையல்காரர் குக்கர் கொண்டுவருகிறாரா என்று கேளுங்கள். பசி மந்தமாக இருக்கும், எனவே நாவுக்குப் பழகிய ஊறுகாய், பருப்புப்பொடி ஒரு சின்ன டப்பாவில் இருந்தால் அந்த உயரத்தில் அதன் மதிப்பே வேறு.

தண்ணிய அப்படியே குடிக்கலாமா?

கூடாது, மேலே ஆடுமாடு மேய்கிறது. கொதிக்க வைத்தது நல்லது. குளோரின் மாத்திரை போட்டால் அரைமணி நேரம், தண்ணீர் சில்லென்று இருந்தால் அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். நுண்குழாய் வடிகட்டி வைத்திருப்பவர்கள் இரவில் அதையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். ஒருமுறை உள்ளே உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. நாளுக்கு 3 லிட்டர் குடியுங்கள். 6 லிட்டர் குடித்தால் உயரநோய் வராது என்பது கட்டுக்கதை, உடலின் உப்புதான் குறையும்.

டாய்லெட்?

முகாமில் குழி தோண்டி அதன்மேல் சின்னக் கூடாரம். ஊர்வீடுகளில் உலர் கழிப்பறை: மாடியில் தரையில் ஒரு ஓட்டை, பக்கத்தில் மண்குவியலும் மண்வெட்டியும். முடித்ததும் இரண்டு வெட்டு மண் தள்ள வேண்டும். அது வயலுக்கு எருவாகப் போவது. தண்ணீர் ஊற்றினால் அழுகி நாறும். நம் ஊர் பழக்கத்தில் வாளி கேட்காதீர்கள். ஈரத்தாள், நாப்கின் எதையும் உள்ளே போடாமல் பைக்குள் கட்டி லேவுக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கோம்பாவுல, கிராமத்துல எப்படி நடந்துக்கணும்?

"ஜூலே" என்ற ஒரு சொல் வணக்கத்துக்கும் நன்றிக்கும் விடைபெறவும் போதும். வழியில் "ஓம் மணி பத்மே ஹூம்" செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச்சுவர்கள் வரும். அவற்றையும் சோர்ட்டன்களையும் (ஸ்தூபிகள்) உங்கள் வலப்பக்கம் இருக்குமாறு தாண்டுங்கள். கோயில் பிரகாரம் சுற்றுகிற அதே திசைதான், கால் தானாகவே போகும். ஒரு கல்லைக்கூட நினைவுக்கு எடுத்துவராதீர்கள்.

ஊர் முகப்பில் மஞ்சள், வெள்ளை, நீலச்சாம்பல் நிறத்தில் மூன்று சோர்ட்டன்கள் நிற்கும். முறையே மஞ்சுஸ்ரீ, அவலோகிதேஸ்வரர், வஜ்ரபாணி. கூடத்துக்குள் காலணி, தொப்பி, ஃபிளாஷ் வேண்டாம். உட்காரும்போது பாதம் விக்கிரகத்தை நோக்கி நீளக் கூடாது. தாச்சா கோம்பா பாறை உச்சியில் இருக்கிறது, செங்குத்தான ஏற்றம். சில நாள் பூட்டியிருக்கும், எனவே வழிகாட்டியிடம் முந்தின இரவே சொல்லி, சாவி யாரிடம் என்று விசாரிக்கச் செய்யுங்கள்.

டயமாக்ஸ் போடலாமா?

டயமாக்ஸ் உயரநோய்த் தடுப்பு மாத்திரை. உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். வழக்கமாகத் தடுப்புக்குச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். விரல் நுனி மரமரப்பு, அடிக்கடி சிறுநீர் இரண்டும் எதிர்பார்க்க வேண்டியவை. மருந்து உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும், லேவின் மூன்று நாளுக்குப் பதிலாகாது.

ஆக்ஸிமீட்டர்ல 84 காட்டுது. பயப்படணுமா?

சென்னையில் 84 காட்டினால் ஆம்புலன்ஸ். லேவில் முதல் நாள் பலருக்கும் 85-ஐ ஒட்டித்தான் இருக்கும், நிமாலிங்கில் 80-க்குக் கீழும் போகும். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் எண்ணைக் கெடுக்கும், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு அளவிடுங்கள். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். குழுவில் எல்லோருக்கும் 82 இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் 68 என்றால், அவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

ராத்திரி பக்கத்துல படுத்தவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது. ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. உயரத்தில் தூக்கத்தில் மூச்சு மெல்லத் தேய்ந்து, சில விநாடி நின்று, பெருமூச்சோடு மறுபடி தொடங்கும். கேட்பவருக்குத்தான் பயம். ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத வறட்டு இருமல், நெஞ்சில் கொரகொரப்பு இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. பேச்சுக் குழறல், தள்ளாட்டம் இருந்தால் மூளை வீக்கம். ஒரு குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறக்க வேண்டும்.

ஆத்தைக் கடக்கணும்னு சொல்றாங்களே?

பல இடங்களில் பாலம் உண்டு, சில இடங்களில் இறங்கித்தான் ஆக வேண்டும். பனி உருகுவதால் பிற்பகலில் தண்ணீர் ஏறும், காலையில் குறையும். அதனால்தான் வழிகாட்டி சீக்கிரம் கிளப்புகிறார். பட்டை வைத்த செருப்பு போடுங்கள், வெறுங்கால் வேண்டாம். பையின் இடுப்பு, நெஞ்சுப் பட்டைகளைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பை உங்களை இழுக்கக் கூடாது. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, ஸ்டிக்கை ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள்.

நிமாலிங்ல உடம்பு முடியாமப் போனா? கணவாயத் தாண்டினா ரோடு கிட்டதானே?

வரைபடத்தில் கிட்டம்தான், அதுவே பொறி. கணவாய் முகாமைவிட 500 மீட்டர் உயரம், இரண்டு இரண்டரை மணி நேர ஏற்றம். ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறவரை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோவதாகும். ராத்திரி மூச்சு பற்றிய கேள்வியில் சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவது இருந்தால், வந்த வழியே ஹங்கர் பக்கம் இறக்க வேண்டும். 700 மீட்டர் கீழே போனாலே பெரும்பாலும் தெளிவு வரும். அங்கிருந்து ஜீப் பாதை எட்டும் இடத்துக்குக் குதிரையில் கொண்டுபோகலாம். வெறும் தலைவலி, பசியின்மை என்றால் அங்கேயே ஒரு நாள் தங்கலாம். தலைவலியோடு மேலே ஏறுவது மட்டும் கூடாது.

ஃபோன் வேலை செய்யுமா? நாங்க வெளிநாட்டுல இருந்து வர்றோம், சாட்டிலைட் கருவி வெச்சிருக்கோம்.

பிற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான். பள்ளத்தாக்குக்குள் அதையும் நம்ப வேண்டாம். சாட்டிலைட் ஃபோன், சாட்டிலைட் வழி செய்தி அனுப்பும் கைக்கருவி இரண்டுமே இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபடுவீர்கள், வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில், கேஸ் குப்பி எந்தப் பையிலும் கூடாது.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி நிறுவனத்துக்கிட்ட என்ன கேக்கணும்?

ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை, எத்தனை மணி நேரத்துக்கு வரும்? ஒருவர் இறங்க வேண்டி வந்தால் கூடவே போக இன்னொரு வழிகாட்டி உண்டா? உடல்நிலை கெட்டவருக்குக் குதிரை தருவார்களா? குப்பையை யார் திரும்ப எடுத்துவருகிறார்கள்? பூங்காக் கட்டணம், சுற்றுச்சூழல் கட்டணம் விலையில் சேர்ந்ததா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும் என்ற வரியை நீங்களே படியுங்கள்; சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல இந்த உயரத்தை விலக்கிவைக்கின்றன.

நடை முடிஞ்ச மறுநாள் காலையிலேயே ஃபிளைட் போட்டுடலாமா?

வேண்டாம். லேவில் பிற்பகல் காற்று பலமாக இருப்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், மேகம் இறங்கினால் அன்றைய விமானம் ரத்து. முதலில் சொன்ன அந்தக் கையிருப்பு நாள் இதற்குத்தான். டெல்லியிலிருந்து ஊருக்கு வாங்கும் டிக்கெட்டையும் இரண்டு மணி இடைவெளியில் போடாதீர்கள், சாயங்காலத்துக்குப் போடுங்கள். எல்லாம் சரியாக நடந்து அந்த நாள் மிஞ்சிவிட்டால், விமானத்தில் வந்ததால் தவறவிட்ட ஆல்ச்சிக்குப் போய்வரலாம். லேவிலிருந்து போக வர ஒரு பகல் போதும்.